பேசிக்கொண்டே நடந்தவர்

கல்யாணமான புதிதில் என் கணவரோடு நடந்தால் எனக்குக் காது வலிக்கும். அவ்வளவு பேச்சு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்கா கடைத்தெருவில் இறங்கினோம் என்றால், பூக்கடை முன்னால் ஆரம்பித்த கதை சிராங்கூன் சாலை முடியும்வரை ஓடும். இந்தத் துணிக்கடை முன்பு என்னவாக இருந்தது, அந்த முடிதிருத்தகத்துக்காரருக்கும் அவர் மச்சானுக்கும் ஏன் பேச்சுவார்த்தை இல்லை, அன்றைக்கு அவர் ஓட்டிய பஸ்ஸில் ஓர் அம்மாள், பஸ்ஸில் ஏற்றக் கூடாத நாற்றம் பிடித்த டுரியான் பழத்தை ஏழெட்டுப் பைக்குள் சுற்றி ஏற்றிவிட்டு, தானே மூக்கைப் பொத்திக்கொண்டு மற்றவர்களை முறைத்தது, எல்லாம் வரும். நான் 'ம்' கொட்டிக்கொண்டே போவேன். ஒரு தடவை கொட்டத் தவறினாலும் "கேக்குறியா இல்லையா?" என்று நடைபாதையில் நின்றுவிடுவார்.

அந்தப் பேச்சு ஓய்வது சாப்பாட்டுக்கு மட்டும்தான், அதுவும் அரை நிமிஷம். சட்டியிலிருந்து அப்போதுதான் அள்ளிய கோரெங் பிசாங் என்றால் அவருக்கு உயிர். வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த அந்தத் துண்டு நாக்கைச் சுடும், ஆனாலும் ஆறவிட மாட்டார். வாயில் வைத்துக்கொண்டு ஊஃப் ஊஃப் என்று ஊதியபடியே விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வார். பிறகு மட்டன் சூப், அதில் முக்கிச் சாப்பிட ரொட்டி. கடைசியில் இழுத்து ஆற்றிய பால் டீ, மேலே நுரை நிற்கும் தே தாரிக் இரண்டு. நானும் சளைத்தவள் இல்லை, பிராட்டா என்கிற பரோட்டாவைச் சீனியில் தொட்டுத் தின்கிற ஆள். இன்றைக்கும் எங்கேயாவது வாழைப்பழம் பொரிகிற வாசம் வந்தால் எனக்கு அந்த வயதில் இருந்த அவருடைய குரல்தான் கேட்கிறது.

எங்கள் மகள் நாள் ஆகும் முன்பே பிறந்தவள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவளை வைத்திருந்த நாட்களில்தான் அவர் முருகனிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தால், தன் கால் நடக்கிற வரைக்கும் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக. பிள்ளை வந்தது. அவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் குடத்தைத் தலையில் ஏற்றினால், வெறுங்காலோடு டேங்க் ரோடு முருகன் கோயில்வரை நடக்க வேண்டும். நான் தண்ணீர்ப் போத்தலும் துண்டும் எடுத்துக்கொண்டு கூடவே போவேன்.

முதல் சில வருஷங்கள் குடம் தலையில் இருக்கும்போதும் அவர் வாய் ஓயவில்லை. முன்னால் போகிறவருடைய காவடியில் மயிலிறகு கோணலாக இருப்பதிலிருந்து, பந்தல் போட்டவர் பழைய சிநேகிதர் என்பதுவரை சொல்லிக்கொண்டே வருவார். என் நாத்தனார், அதாவது அவருடைய தங்கை, சாமி காரியத்தில் ரொம்பக் கறார். "அண்ணே, பால்குடத்தத் தூக்கிக்கிட்டு என்ன ஊர்க்கதை? வாய மூடிக்கிட்டு வாங்க" என்று நடுரோட்டில் அதட்டுவாள். அவர் பத்தடி சும்மா நடப்பார். பதினோராவது அடியில் மறுபடி ஆரம்பித்துவிடுவார்.

தைப்பூசத்துக்கு முன் நாற்பத்தெட்டு நாள் விரதம். மற்ற வீடுகளில் எப்படியோ, என் வீட்டில் அதுதான் திருவிழா. மட்டன் இல்லாமல் ஒரு வாரம் இருக்கத் தெரியாத மனிதர் சாமிக்காக இத்தனை நாள் இருக்கிறார், அந்தக் குறை அவர் நாக்குக்குத் தெரியவே கூடாது என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன். காலையில் பூரி. மத்தியானத்துக்குச் சைவ மட்டன் வறுவல். சோயாவில் கறி மாதிரியே செய்து உறைய வைத்து விற்பார்களே, அதுதான். இரண்டு தடவை எண்ணெயில் போட்டு எடுத்தால்தான் மொறுமொறுவென்று வரும். அப்பளம் இல்லாமல் சாம்பார் இறங்காது. வேலை முடிந்து களைத்து வருகிறவருக்குச் சாயங்காலம் மசால்வடை. வெள்ளிக்கிழமைகளில் சொந்தக்காரர்கள் சுவா சூ காங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அவர்களுக்குக் கேசரி, பாயசம், ஒரு பெரிய ஜாடி நிறைய பாலில் ரோஜாப் பாகு கலந்த ரோஜா நிறத்துப் பண்டுங். 'உங்க வீட்டு விரதச் சாப்பாட்டுக்காகவே விரதம் இருக்கலாம் போல' என்று ஒருவர் சொன்னதை நான் பல வருஷம் சொல்லித் திரிந்தேன்.

சைவம்தானே என்ற தைரியம் எங்களுக்கு. மீனும் கோழியும் கறியும்தான் உடம்புக்குக் கெடுதல், அவற்றை நிறுத்தினால் உடம்பு தானாகச் சுத்தமாகிவிடும் என்று நம்பினோம். யாரும் இதைச் சொல்லித் தரவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. விரதம் முடிந்து தராசில் ஏறினால் முள் முன்பைவிடக் கொஞ்சம் தள்ளியே நிற்கும். 'சாமி சாப்பாடு உடம்புல ஒட்டுது' என்று சிரித்துக்கொள்வோம்.

அவருடைய பேச்சு எந்த வருஷத்தில் குறைய ஆரம்பித்தது என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு தைப்பூசத்தன்று சிலிகி ரோடு வந்ததும் அமைதியாகிவிட்டார். அதற்கடுத்து வந்த ஒரு வருஷம் தேக்கா தாண்டும் முன்பே. பிறகு பெருமாள் கோயில் வாசலில் குடம் ஏறியதிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது. உதடு லேசாகத் திறந்திருக்கும், கண் தூரத்தில் எதையோ பார்த்தபடி நிலைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா நடையும் நின்றுபோய், காப்பிக்கடையில் உட்கார்ந்தே பொழுதைப் போக்கப் பழகியிருந்தோம். வயதானால் மனுஷன் அடங்குவது சகஜம்தானே என்று இருந்துவிட்டேன்.

எனக்கா, பெருமை தாங்கவில்லை. "குடம் தலையில ஏறிடுச்சுன்னா அவரு பேசவே மாட்டாரு. அப்படியே மௌனம்தான், வேற உலகம்" என்று கோயில் வரிசையில் முன்னால் நிற்கிறவரிடமும் பின்னால் நிற்கிறவரிடமும் சொன்னேன். நாத்தனாருக்குக்கூடக் கண் கலங்கிவிட்டது. "எங்க அண்ணனப் பாத்துக் கத்துக்குங்க" என்று தன் வீட்டுக்காரரை இடித்துக் காட்டுவாள். நான் ஆமாம் என்று தலையாட்டுவேன்.

மூன்று வருஷத்துக்கு முந்திய ஒரு விரதத்தின்போது, பஸ் ஓட்டுகிறவர்களுக்கு வழக்கமாக நடக்கும் உடம்புச் சோதனையில் டாக்டர் அவர் மூச்சைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இதயத்தைப் படம் பிடித்தார்கள், நுரையீரலைப் படம் பிடித்தார்கள். உடனே கத்தி வைக்கிற அளவுக்கு ஒன்றுமில்லை என்றதும் எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் நடக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

ஒரு நீண்ட நடைவழியில் இரண்டு ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்திருந்தார்கள். சீனப் பையன் ஒருவர்தான் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் இயன்மருத்துவர். "அங்கிள், இந்தக் கூம்புக்கும் அந்தக் கூம்புக்கும் நடங்க. நடந்துக்கிட்டே என்கிட்ட பேசணும், நிறுத்தக் கூடாது, ஓகே லா? காலையிலேர்ந்து என்ன செஞ்சீங்க, சொல்லுங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பேசச் சொல்லிக் கேட்கிறாரே, இன்றைக்கு இந்தப் பையன் மாட்டினார் என்று நான் நினைத்தேன். என் கணவர் நடந்தார். காலையில் எழுந்தேன் என்றார். நாலடி. பல் விளக்கி என்றார். அப்புறம் வார்த்தை வரவில்லை. மூன்றாவது சுற்றில் சுவரில் கையை ஊன்றி நின்றார்.

நான் அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உதடு லேசாகத் திறந்து, கண் தூரத்தில் நிலைத்து, கழுத்து நரம்பு தெரிய நின்ற அந்த முகத்தை எனக்குத் தெரியும். வருஷா வருஷம் பார்த்து நான் கையெடுத்துக் கும்பிட்ட முகம் அது.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டேன். "ஏங்க, பால்குடம் எடுக்குறப்ப பேசாம வருவீங்களே, அது?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "மூச்சு வரல. நீ எல்லார்கிட்டயும் அவ்ளோ பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தே. நான் எப்படிச் சொல்றது?"

அடுத்த வாரம் உணவு நிபுணரைப் பார்க்க வேண்டும், ஒரு வாரம் அவர் சாப்பிட்டதையெல்லாம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றிருந்தார்கள். விரத நேரம் என்பதால் எனக்கு அதில் மட்டும் பயமில்லை. அழகான கையெழுத்தில் ஒன்றுவிடாமல் எழுதினேன். அந்த நிபுணர் எங்கள் மகள் வயதுள்ள தமிழ்ப் பெண். தாளை மேலிருந்து கீழே படித்துவிட்டு, ஒவ்வொரு வரியிலும் பேனாவால் வட்டம் போட்டாள். பூரிக்கு ஒரு வட்டம், வறுவலுக்கு, அப்பளத்துக்கு, வடைக்கு, கேசரிக்கு, பண்டுங்குக்கு. கடைசியில் தாளில் எழுத்தைவிட வட்டம்தான் அதிகம் தெரிந்தது.

"ஆண்ட்டி, சைவம் நல்லதுதான். ஆனா இதுல காய் எங்க?" என்றாள்.

நாற்பத்தெட்டு நாள் சைவத்தில் காய் எங்கே என்று ஒருத்தி கேட்கிறாள். உருளைக்கிழங்கைச் சொன்னேன். "அதையும் பொரிச்சுதானே வெச்சிருக்கீங்க" என்றாள்.

பிறகு பொறுமையாகச் சொன்னாள். "கையில அடிபட்டா வீங்குதில்ல, சூடாகுதில்ல? அதத்தான் அழற்சின்னு சொல்றோம். உடம்பு தன்னக் காப்பாத்திக்கிறதுக்குச் செய்ற வேலை. ஆனா பொரிச்சது, சீனி, மைதா இப்படியே தினமும் உள்ள போனா, அடிபடாமலே அது உள்ளுக்குள்ள லேசா நடந்துக்கிட்டே இருக்கும். வெளிய தெரியாது. ரத்தக் குழாய் இறுக ஆரம்பிக்கும். நடக்குறப்ப கால் கேக்குற ஆக்சிஜன இதயமும் நுரையீரலும் சேர்ந்துதான் கொண்டுபோய்க் குடுக்கணும். அந்த வேலை தடுமாறும். சாப்பாடு மட்டும்தான் காரணம்னு நான் சொல்லல. அங்கிளுக்கு உக்காந்தே பாக்குற வேலை, நடையும் இல்ல, வயசும் ஆகுது. ஆனா வயச மாத்த முடியாது ஆண்ட்டி, சமையல மாத்தலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் என்ன, அவருக்கு வெஷமா வெச்சேன்?"

"இல்ல ஆண்ட்டி. பாசமாத்தான் வெச்சிருக்கீங்க. அதான் இவ்ளோ எண்ணெய்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்டர் இன்னும் சுருக்கமாக முடித்தார். இந்த வருஷம் குடம் வேண்டாம். சாப்பாட்டை மாற்றி, தினமும் நடந்து பழகட்டும். விட்டுவிடாமல் பேசிக்கொண்டே அவ்வளவு தூரம் நடக்க முடிகிற அன்றைக்குத் தூக்கலாம். என் கணவர் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் "கால் நடக்குதே, நடக்குற வரைக்கும்னுதானே வேண்டிக்கிட்டேன்" என்றார். அந்தக் குரலை நான் கண்ணாடிப் பெட்டி முன்னால் ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எண்ணெய் கூடாதா, சீனி கூடாதா, சரி, என்று மூன்று நாள் வெறும் உப்புக் கஞ்சி வைத்தேன். வீம்புக்குத்தான். அவர் மூன்று நாளும் மிச்சம் வைக்காமல் குடித்தார். மூன்றாம் நாள் சாயங்காலம், "இதுக்கு ஒரு தொவையல் இருந்தா நல்லாருக்கும்" என்றார், ஏதோ தப்பு செய்தவர் மாதிரி. நான் அடுப்படிக்குப் போய்ப் பொரிக்கிற சட்டி முன்னால் நின்று அழுதேன். ஊரே ருசி என்று மெச்சிய என் கை அவர் மூச்சில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருக்கிறது, நான் பக்கத்திலேயே நடந்தும் அதைப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்றைக்கும் எனக்கு முழுசாகப் போகவில்லை.

அந்த வருஷம் குடத்தை நான் எடுத்தேன். முன்பெல்லாம் பந்தலுக்குப் பந்தல் நின்று மோரும் தண்ணீரும் குடித்து வருகிறவள், குடத்தோடு அப்படி நிற்க முடியாதே. டோபி காட் சிக்னலில் எனக்கே மேல்மூச்சு வாங்கியது. நாத்தனார் என்னவோ கேட்டாள், பதில் சொல்ல வாய் வரவில்லை. எனக்கும் பக்தி முத்திவிட்டது போலிருக்கிறது. டேங்க் ரோடு கோயில் வாசலில் மகளோடு காத்திருந்த அவர், என் முகத்தைத்தான் பார்த்தார், குடத்தைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு பொரிக்கிற சட்டியைத் துடைத்து மேல் அலமாரியில் ஏற்றினேன். இட்லி வந்தது, கீரை வந்தது, பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் வந்தன. விரதம் இல்லாத நாளில் மீன் குழம்பு, தேங்காய்ப் பால் குறைத்து. மட்டன் எப்போதாவது. தே தாரிக்குக்குப் பதில் சீனியில்லாத கறுப்புக் காப்பி. முதல் வாய் குடித்துவிட்டு, "இது காப்பியா, தண்டனையா?" என்றார். ருசி போகவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன், பாதி ருசி போனது நிஜம். அந்தக் கோரெங் பிசாங் காலத்தை நினைத்து இருவரும் ஏங்கத்தான் செய்தோம்.

சாயங்காலங்களில் தலைக்கு மேலே ஓடும் எல்ஆர்டி ரயில் பாதைக்குக் கீழே தூண் தூணாக நடந்தோம். அவரைப் பேச வைப்பதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். முன்பு பார்த்த படங்களின் கதையை முழுசாகச் சொல்லச் சொல்வேன். ஆரம்பத்தில் கதாநாயகன் பிறப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கும். இரண்டு மாதம் கழித்துக் கதாநாயகன் ஊரைவிட்டு ஓடும் இடம்வரை வந்தோம். வில்லன் அப்பாவைக் கொன்றவன் என்று தெரிகிற கட்டத்துக்கு வரவே அந்த வருஷமும் அடுத்த தைப்பூசமும் போய்விட்டன. அவசரமில்லை என்று டாக்டர் சொன்னார். அவசரம் என் கணவருக்குத்தான்.

போன வருஷக் கடைசியில் மறுபடி அதே நடைவழி, அதே கூம்புகள். ஒரு முழுப் படத்தின் கதையையும் அந்தச் சீனப் பையனுக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, சண்டைக் காட்சிக்குக் கையையும் வீசிக்காட்டினார். "ஓகே, ஓகே அங்கிள், போதும், நீங்க பாஸ்" என்று அந்தப் பையன்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

விரத வெள்ளிக்கிழமைக்கு வந்த நாத்தனார் அடுப்படியை எட்டிப் பார்த்து, "அண்ணி, வடை எங்க?" என்றாள். அவித்த பயற்றில் எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன். சாமி குத்தம் ஆகிவிடாதே என்று சந்தேகமாகத் தின்றாள்.

இந்தத் தைப்பூசத்தன்று வெயில் ஏறும் முன்பே பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பினோம். சிராங்கூன் சாலையில் கால் வைத்ததுமே அவர் ஆரம்பித்துவிட்டார். "இந்த நகைக்கடைகிட்ட ஒரு வருஷம், ஒரு சீனத் தாத்தா செருப்பக் கழட்டிட்டு என்னைப் பாத்துக் கும்பிட்டாரு. உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன்." கொஞ்ச தூரம் போய், "இந்தப் பந்தல்ல மோரு ஊத்துன பொண்ணு நம்ம மக சாயல்லயே இருந்துச்சு, அதையும் சொல்லல" என்றார். நான் பார்க்காமல் விட்ட தைப்பூசமெல்லாம் அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

சிலிகி ரோட்டில் சொன்னார். "இங்கதான் ஒரு தடவ கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. உன்னக் கூப்பிட்டேன். சத்தமே வரல. நீ பக்கத்துலதான் நடந்துக்கிட்டு இருந்தே."

அந்த இடம் எனக்கு நினைவிருந்தது. அங்கேதான் நான் ஒரு தடவை நாத்தனாரின் கையைப் பிடித்து, அவர் முகத்தைப் பாரேன் என்று காட்டினேன்.

பின்னால் வந்துகொண்டிருந்த நாத்தனார் பொறுக்க முடியாமல் முன்னால் வந்தாள். "அண்ணே! இத்தன வருஷம் எவ்ளோ பக்தியா, வாயத் தொறக்காம வந்தீங்க. இப்ப என்ன திரும்பவும் ஊர்க்கதை? அண்ணி, நீங்களாவது சொல்லுங்களேன்."

சுற்றி நடந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேரிடமாவது நான் அந்த மௌனத்தைப் பற்றிப் பெருமை அடித்திருப்பேன்.

"அது பக்தி இல்ல" என்றேன். "மூச்சு இல்ல. என் சமையல் அப்படி. நாந்தான் தெரியாம எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அவரு பேசட்டும்."

நாத்தனார் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை வாங்கி, குனிந்து அண்ணன் காலில் ஊற்றினாள்.

அவர் இரண்டு கையாலும் குடத்தைச் சரி செய்துகொண்டு நடந்தார். டோபி காட் சிக்னல் பச்சைக்கு மாறியது. டுரியான் கொண்டுவந்த அந்த அம்மாளின் கதை, நான் நூறு தடவை கேட்டது, மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்தங்கிவிட்டேன் போலிருக்கிறது. அவர் குடத்தோடு பாதி திரும்பினார்.

"கேக்குறியா இல்லையா?"

"ம்" என்றேன்.